ஆறு, உள்ளேன் ஐயா

வாங்க, வாங்க, முன்னால வந்து உக்காருங்க, பின்னால நிக்கவங்களுக்கு மறைக்காம. இமயமலைக்குப் போன கதைன்னதும் ஒங்க மூஞ்சியெல்லாம் இப்படி மலந்து போச்சே, ஒங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மேடை ஏறுதவன் நான், கூட்டத்தோட மூஞ்சியப் பாத்தே பசி என்னன்னு சொல்லிருவேன். மொதல்ல ஒங்களுக்குப் பனி வேணும். பொறவு காலைல வெயிலு பட்டு சிகரம் தங்கமா மின்னணும், அதப் பாத்து நான் தேம்பித் தேம்பி அழணும். ஒரு சாமியாரு வரணும், பனில வெறுங்காலோட, வந்து என்னையப் பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு அப்படியே மறைஞ்சு போயிரணும், நான் ஊருக்கு வந்து கறி திங்கத விட்டுரணும். அந்தா மூணாவது வரிசைல கண்ணாடி போட்ட அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தன கிலோமீட்டரு, என்ன ஷூ, முட்டி வலிக்கு என்ன தைலம், அதான? எல்லாம் தாரேன். ஆனா இப்பம் எங்கிட்ட இருக்கது ஒரு கல்லுக் கொட்டடி, மேல தகரம், உள்ள ஒரு மண்ணெண்ணெ ஸ்டவ்வு, ஸ்டவ்வு மேல அலுமினியச் சட்டி, சட்டில தண்ணி. அந்தத் தண்ணி கொதிச்சு டீ ஆகுததுக்குள்ள நான் ஒரு விசயத்தச் சொல்லியாகணும். ஒங்ககிட்ட இல்ல. ஒங்ககிட்ட சொல்லுதது லேசு, நீங்க இங்க கெடையவே கெடையாது, என் மண்டைக்குள்ள பெஞ்சு போட்டு உக்காந்திருக்கிய. அந்தா, எனக்கு முதுகக் காட்டி உக்காந்து ஈரச் சாக்ஸப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கானே கோவிந்த், எங்க கைடு, அவங்கிட்ட சொல்லணும். டீயக் குடிச்சதும் அவன் கயித்த எடுத்துக்கிட்டு, எங்ககூட வந்து வழில காணாமப் போன ஞானசிகாமணி வாத்தியாரு சார்வாளத் தேட மறுபடியும் போகப் போறான். தப்பான எடத்துல தேடப் போறான். அது தப்பான எடம்னு ஒலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் இங்கன உக்காந்து ஒங்களுக்குக் கத சொல்லிக்கிட்டு இருக்கான்.

ஆளு தெரியாம கத ஓடாது, சொல்லுதேன். என் பேரு குத்தாலிங்கம், வயசு அம்பத்தொண்ணு, தொழிலு அடுத்தவன் குரல்ல பேசுதது. ரயில்வே ஸ்டேசன் அறிவிப்பு, ரேசன் கடைக்காரரு, கோவத்துல பாத்திரம் தேக்க மாமியாரு, குக்கர் விசிலு, எல்லாம் வரும். சொந்தக் குரல்ல பேசுனா மட்டும் என் பொண்டாட்டியே திரும்பிப் பாக்க மாட்டா. பாளையங்கோட்டை மைதானத்துல காலைல நடக்க கூட்டம் நாங்க எட்டுப் பேரு, சர்க்கரைக்கு நடக்கவங்க, தொப்பைக்கு நடக்கவங்க, வீட்டுல இருக்க முடியாம நடக்கவங்க. அதுல சார்வாள் ஒரு நா நடுமைதானத்துல நின்னுட்டாவ. "ஏ குத்தாலம், முப்பத்தினாலு வருசம் பிள்ளையளுக்கு இமயமல ஒரு காலத்துல கடலா கெடந்துச்சுன்னு போர்டுல படம் போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கேன் வே. நீங்க பாத்திருக்கியளா சார்னு ஒரு பய கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? போயி ஒரு கிளிஞ்சலக் கண்ணால பாத்துட்டு வந்துருவமா?" இடையன்குடிக்காரவிய, ஒரு நடை நடந்தா கடக்கரை, கிளிஞ்சல மிதிச்சே வளந்த ஆளு, அதப் பாக்க பதினாலாயிரம் அடி ஏறணுமாம். சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே டிக்கெட்டும் போட்டாச்சு. மொத நாளு தேவதாருக் காடு, ஊசி இலை மெத்தை மாதிரி கெடந்துச்சு, கால வச்சா சத்தமே இல்ல. ரெண்டாம் நாளு மரமெல்லாம் கீழயே நின்னுக்கிடுச்சு, வெறும் புல்லு, புல்லு முடியுத எடத்துல ஆகாசம். மூணாம் நாளு கல்லு, பனியாறு தள்ளிட்டு வந்து கொட்டுன கல்லு, ஒண்ணுல கால வச்சா இன்னொண்ணு நவுளும். இன்னைக்கு நாலாம் நாளு, கணவாயத் தாண்டி இந்தப் பக்கம் எறங்குனா இந்தக் கொட்டடி. கோவிந்துக்குன்னு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு நம்பரு. எங்க நின்னாலும் அவன் முன்னால நின்னு கைய ஒரு தட்டு தட்டுவான், நாம வரிசையா இந்தில நம்பர் சொல்லணும், அவன் திரும்பிப் பாக்க மாட்டான், தலையச் சாச்சுக் கேட்டுக்கிட்டு நிப்பான், எல்லாம் வந்துட்டா ஒரு தலையாட்டு, நடை. ஏன் திரும்பிப் பாக்க மாட்டங்கன்னு கேட்டதுக்குச் சொன்னான், மஞ்சு, அதான் பனிமூட்டம், எறங்குனா கண்ணு ஏமாந்துரும், ஒவ்வொரு பாறையும் ஒரு ஆளா நிக்கும், காது ஏமாறாது. காது ஏமாறாதாம். எங்கிட்ட சொல்லுதான் பாருங்க.

சார்வாளுக்கு நம்பரு ஆறு. இந்தில சொல்ல மாட்டாவ. ரெண்டு சின்னச் செருமலு, தொண்டைல மீனு முள்ளு நிக்க மாதிரி, பொறவு "ஆறு, உள்ளேன் ஐயா." பள்ளிக்கூடத்துல பிள்ளையள் ஆஜர் சொல்லுத மாதிரி. மொத நாளே கோவிந்துக்கு அது பிடிச்சுப் போச்சு, "உள்ளேனையா"ன்னு அவனும் சொல்லிப் பாப்பான். ரெண்டாம் நாளு சார்வாள் ஒவ்வொரு கல்லா குனிஞ்சு பாத்துக்கிட்டு வந்ததுல இருவது நிமிசம் பிந்திட்டாவ. நாங்க ஆலங்கட்டில நின்னோம். ஒருத்தரு மொணங்குனாரு, இன்னொருத்தரு சார்வாள் காதுபடவே சொன்னாரு, கல்லு பாக்கணும்னா கல்குவாரிக்குப் போயிருக்கலாமேன்னு. அன்னைக்குச் சாயங்காலம் சார்வாள் எம் பக்கத்துல வந்து உக்காந்தாவ, குரலத் தாத்திக்கிட்டு. "ஏ குத்தாலம், என் கிளாசுல எவனாவது அடுத்தவனுக்கு உள்ளேன் ஐயா சொன்னா முட்டியப் பேத்துருவேன். இப்பம் நானே கேக்கேன் பாரு வெக்கமில்லாம. நான் அஞ்சு நிமிசம் பிந்துனா எனக்கும் சேத்து நீயே சொல்லிரு வே. பின்னாலயே வந்துருவேன்." நான் அப்பமே ஒரு தடவ சொல்லிக் காட்டுனேன், ரெண்டு செருமலு, ஆறு, உள்ளேன் ஐயா. சார்வாள் கையத் தட்டிச் சிரிச்சாவ, "அடப்பாவி, எனக்கே நான் எங்க இருக்கேன்னு சந்தேகம் வந்துட்டு." அஞ்சு தடவ சொன்னேன். அஞ்சு தடவயும் கோவிந்து தலையாட்டுனான், அஞ்சு தடவயும் மூணு நிமிசம், நாலு நிமிசத்துல சார்வாள் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்துட்டாவ, வந்ததும் எம் முதுகுல ஒரு செல்ல அடி. இது எங்க ரெண்டு பேருக்குள்ள. வேற ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னைக்கு எவனாவது கேட்டிருப்பான்லா.

தண்ணி எப்படி இருக்கு? சட்டி அடில சின்னச் சின்ன குமிழு, மீனு கண்ணு மாதிரி. பிமலா தீதி இஞ்சியத் தட்டுதா, தீதின்னா அக்கா. இந்தக் கொட்டடி அவளோடது, ஆறு மாசம் இங்கன, ஆறு மாசம் கீழ கிராமத்துல, சிரிச்ச மூஞ்சி, எவன் வந்தாலும் டீயக் குடுத்துட்டு அவன் வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. நேரம் நாலரை. ஏழு மணி மட்டும் வெளிச்சம் இருக்கும். இங்கருந்து கணவாய்க்கு கோவிந்து நடைக்கு ஒண்ணரை மணி நேரம், அங்கருந்து அந்தப் பக்கம் எறங்க அரை மணி. சரியா வரும். இப்பம் சொன்னா சரியா வரும். அவன் கணக்கு வேற கணக்கு, பிமலா தீதிகிட்டயும் அதத்தான் சொன்னான், கணவாய்ல ஆறு கேட்டுச்சு, அப்பன்னா மாஸ்டர்ஜி, சார்வாள அவன் அப்படித்தான் கூப்பிடுவான், கணவாயத் தாண்டிட்டாரு, அப்பன்னா இந்தப் பக்கச் சரிவுலதான் எங்கயோ வழுக்கியிருக்காரு. ஒரு மணி நேரமா அந்தச் சரிவத்தான் அவனும் சமையக்காரன் தில் பகதூரும் அலசிட்டாங்க. தில் பகதூரு இன்னும் மேலதான் நின்னு விசிலு ஊதுதான், கேக்கா, அந்தா, மஞ்சுக்குள்ள, கோழிக்குஞ்சு கத்துத மாதிரி. கோவிந்து கயிறு எடுக்க வந்தான். ஓடைக்குள்ள எறங்கப் போறானாம், பழைய பனி மேல பாலம் மாதிரி மூடிக் கெடக்கும், அடில தண்ணி ஓடும், மிதிச்சா ஒடையும்னு அவனே நேத்து எங்களுக்குச் சொன்ன ஓடை. அந்த ஓடைக்குள்ள இல்லாத ஆளத் தேடி எறங்கப் போறான். நான் சொல்லணும். வாயத் தொறக்கணும். கோவிந்து, கணவாய்ல பேசுனது நான். நாலு வார்த்த. ஒரு மூச்சு கூட வேண்டாம், அர மூச்சு. நாலு வார்த்தையயும் மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன், ஸ்டேசன் அறிவிப்புக் குரல்ல வருது, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கணவாயில் பேசியது நான். சீ. மறுபடியும் சொல்லிப் பாக்கேன், ரேசன் கடைக்காரரு வாராரு, இந்த மாசம் சரக்கு வரல, பேசுனது நான்தான், போ போ. என் குரலு எங்கன இருக்கு? என் குரல்னு ஒண்ணு எப்பவாவது இருந்துச்சா? பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னா அவ அப்பன் குரல்ல சொல்லுவேன், கடன்காரங்கிட்ட எங்கய்யா குரல்ல இருமுவேன், எங்கய்யா செத்தன்னைக்கு அழுதது கூட பக்கத்து வீட்டு மாடசாமி அழுத அழுகை. அன்னைக்கு எல்லாரும் சொன்னாவ, என்ன உருக்கமா அழுதான்னு.

மூலைல எஸ்தரக்கா உக்காந்திருக்கா. சார்வாளோட வீட்டுக்காரி. முட்டி தேஞ்சு போச்சு, நடக்க முடியாது, அதனால ரோடு முடியுத எடத்துலருந்து மட்டக்குதிரைல ஏறி இங்கன வந்து காத்துக்கிட்டு இருக்கா, புருசனக் கைதட்டிக் கூப்பிட. மடில ஒரு டப்பா, மஸ்கோத் அல்வா, ஊர்லருந்து துணில சுத்திக் கொண்டாந்திருக்கா. மூணரைக்கு நாங்க ஒவ்வொருத்தரா மஞ்சுலருந்து வெளிய வந்தப்பம் ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டே இருந்தா, நான்தான் கடசி, எனக்குப் பின்னால எட்டிப் பாத்தா. "சார் எங்க தம்பி?" பின்னால வாராவன்னு சொன்னேன். அதச் சொல்லும்போது எனக்கு அது பொய்யின்னு தெரியாது. தெரியாதா? சாமி சத்தியமா தெரியாது. இல்ல, எறங்கும்போது ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன். ரெண்டு தடவயா மூணு தடவயா. திரும்பிப் பாத்தவனுக்கு என்னத்துக்குத் தெரியாது? மத்தவங்க எல்லாம் டெண்டுக்குள்ள மொடங்கிட்டாங்க. எஸ்தரக்கா அழல. உதடு மட்டும் அசையுது, ஜெபம். எனக்கு அந்த உதட்டப் பாக்க முடியல, ஆனா என் கண்ணு அங்கனதான் போகுது, தொழிலு அப்படி, எந்த உதடு அசைஞ்சாலும் என் உதடும் கூடவே அசையும். இப்பம் அசைஞ்சுக்கிட்டுதான் இருக்கு. பாக்கவங்களுக்கு நானும் ஜெபம் பண்ணுத மாதிரி இருக்கும். நேத்து காலைல எட்டாம் நம்பரு கோமதிநாயகத்துக்கு மூச்சு முட்டி ரெண்டாவது கைடு அவரக் கீழ கூட்டிட்டுப் போயிட்டான், பின்னால வர ஆளு இல்ல. கோவிந்து எங்கிட்ட வந்து சொன்னான், ஏழு, இனிமே நீதான் வாலு, ஒனக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கக் கூடாது, வெளங்குச்சா? நான் என்ன செஞ்சேன்? நாய் மாதிரி பின்னால வால ஆட்டிக் காட்டுனேன், கொஞ்சம் ஊளையும் விட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. சார்வாள் ரொம்பச் சிரிச்சாவ.

கணவாயச் சொல்லுதேன். அதச் சொல்லாம சுத்திச் சுத்தி வாரேன்னு ஒங்களுக்கே தெரிஞ்சு போச்சு, முன் வரிசைல ஒருத்தரு கொட்டாவி விடுதாரு. மேடைல ரெண்டு எண்ணுத நேரம்னு ஒண்ணு உண்டு. ஒரு குரல முடிச்சு அடுத்த குரல எடுக்கதுக்கு முன்னால ரெண்டு எண்ணணும், ஒண்ணு எண்ணுனா கூட்டத்துக்குப் புரியாது, மூணு எண்ணுனா கூட்டம் செத்துரும். கணவாய்ல மணி ஒண்ணேகால் இருக்கும். மேல ஒண்ணும் இல்ல, ஒரு கல்லுக் குவியலு, அதுல கட்டுன கொடித்துணி படபடன்னு அடிச்சுக்கிடுது, பனி நேரா விழல, குறுக்கால வருது, கண்ணுல ரவைய அள்ளிப் போட்ட மாதிரி. பத்தடிக்கு அப்புறம் வெள்ள. கோவிந்து எங்கயோ முன்னால கையத் தட்டுனான், கையுறை போட்ட தட்டு, பொத்து பொத்துன்னு. ஏக். தோ. தீன். சார். பாஞ்ச். அஞ்சு வரைக்கும் வந்துட்டு. பொறவு காத்து. எனக்குப் பின்னால நான் திரும்பிப் பாத்தேன். வெள்ள. என் விரலு பத்தும் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியல, வலது கால் கட்டை மாதிரி. அஞ்சு தடவ சொன்னப்பம் எதுக்குச் சொன்னேன்? சிரிப்பா இருந்துச்சு, சார்வாள் கெஞ்சுனாவ, கோவிந்த ஏமாத்துதது ஒரு ருசி. ஆறாவது தடவ எதுக்குச் சொன்னேன்? இந்த எடத்துலதான் மாட்டிக்கிடுதேன், மீனு தூண்டில்ல மாட்டுத மாதிரி, எந்தப் பக்கம் திரும்புனாலும் இங்கனயே குத்துது. எவனும் சிரிக்கல. சிரிக்க வைக்கணும்னு நான் நெனைக்கவும் இல்ல. குளுந்துச்சு. அவ்வளவுதான் வே, குளுந்துச்சு. சார்வாள் வரலன்னு தெரிஞ்சா கோவிந்து எல்லாரையும் அங்கனயே நிப்பாட்டுவான், அர மணி நேரம், ஒரு மணி நேரம், அந்தக் காத்துல. ரெண்டு எண்ணுனேன். சரியா ரெண்டு. செருமுனேன். கொஞ்சம் மூச்சு எளப்பும் சேத்தேன், ஒசரத்துக்குத் தக்கன, தொழிலு சுத்தமா இருக்கணும்லா. ஆறு, உள்ளேன் ஐயா. பொறவு என் குரல்ல, என் ஏழு, சாத். கோவிந்து தலையாட்டியிருப்பான், எனக்குத் தெரியல, ஆனா வரிசை நவுந்துச்சு. கூட்டத்துல என்னைய விட நல்லாச் சொல்ல ஒரு ஆளு இல்ல.

சார்வாள நான் கடசியா பாத்தது கணவாய்க்கு முன்னால, அந்தப் பக்கம், அர மணி நேர எறக்கத்துல. ஒரு தட்டப் பாறை, கட்டில் அளவு. அதுல குந்தி உக்காந்து கைக்குட்டையால பனியத் தொடச்சுக்கிட்டு இருந்தாவ. "வே, இங்க வா, இத ஒரு பார்வ பாத்துட்டுப் போ." கருப்புக் கல்லுல சுருளு சுருளா ஒண்ணு, நத்தை மாதிரி, ரூவாத் துட்டு அளவு. "கடலு வே," ன்னாவ. "கடலு இங்கன வந்து உக்காந்திருக்கு பாத்தியா." அவிய விரலு நடுங்குச்சு, குளுரா சந்தோசமான்னு பாத்துச் சொல்லுதவன்தான் நான், அன்னைக்கு, இன்னைக்குத்தான், இன்னைக்கு மத்தியானம்தான், நான் பாக்கல, நான் முன்னால போற அஞ்சு பேரப் பாத்தேன், மஞ்சு அவங்கள ஒவ்வொருத்தரா முழுங்கிக்கிட்டு இருந்துச்சு. "நீ போ வே, ஒரு படம் எடுத்துட்டு வாரேன். எண்ணிக்கை வந்தா சொல்லிரு." போனேன். எனக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கக் கூடாதுன்னு சொன்னான், அந்த ஆளப் பாறைல உக்கார வச்சுட்டுப் போனேன். இப்பம் மணி நாலே முக்கால். நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அங்கனயே இருப்பாவளா? பாதை தெரியலன்னா அசையாம நில்லுன்னு கோவிந்து சொல்லியிருக்கான், சார்வாள் சொன்ன பேச்சு கேக்க ஆளு, அசைய மாட்டாவ. அசையாம இருந்தா குளுரு. அசைஞ்சா பாதாளம். ரொம்பக் குளுந்தா பொறவு சூடா இருக்குமாம், ஸ்வெட்டரக் கழத்திப் போட்டுருவாங்களாம், சார்வாளே வரும்போது ரயில்ல சொல்லிட்டு வந்தாவ. கையத் தட்டுத சத்தம் கேக்கும்னு காத்துக்கிட்டு இருப்பாவளோ? எவனாவது கையத் தட்டுனா செருமிட்டுச் சொல்லணும்னு. இல்ல, குத்தாலம் சொல்லியிருப்பான், நமக்கு என்ன அவசரம்னு இருப்பாவ. அய்யோ, அப்படித்தான் இருப்பாவ. என்னைய நம்பி நிதானமா இருப்பாவ.

இப்படியும் இருக்கலாம்லா, கேளுங்க. நான் சொன்னதுக்கு அப்புறம் சார்வாள் கணவாயத் தாண்டியிருக்கலாம். எப்பவும் போல நாலு நிமிசத்துல வந்திருக்கலாம், எங்க காலடியத் தேடி எறங்கியிருக்கலாம், கோவிந்து சொல்லுத மாதிரியே இந்தப் பக்கம்தான் வழுக்கியிருக்கலாம். அப்படின்னா நான் சொல்லுததுல தேடுத எடம் மாறிப் போயி, ஓடைக்குள்ள கெடக்க ஆளு ஓடைக்குள்ளயே கெடப்பாரு, அந்தப் பாவமும் எனக்கு. பாத்தியளா, எம்புட்டு ஞாயமா பேசுதேன். இது யாரு குரலு தெரியுமா? எங்க ஊரு பஞ்சாயத்துல ரெண்டு பக்கமும் கைய நீட்டுத ஒரு பெரிய மனுசன் குரலு. அத நல்லாச் செய்வேன், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். புதுப் பனில எங்க ஏழு பேருக்கு ஆறு பேரு காலடிதான் எறங்கி வந்திருக்கு, நான் கடசி ஆளு, எனக்குத் தெரியாதா, என் காலடிக்கு மேல ஒரு காலடி இல்ல. பொறவு பெஞ்ச பனி அதயும் மூடிட்டு. மூடுனது நல்லதாப் போச்சுன்னு அப்பம் ஒரு நெனப்பு ஓடுச்சு. ஓடுச்சு வே. மறைக்க மாட்டேன், ஒங்ககிட்ட மறைச்சு என்ன. கோவிந்து ஒரு சாக்ஸ மாட்டிட்டான். ஷூவ நெருப்புப் பக்கத்துல காட்டுதான். இலை விழுந்துச்சு சட்டில, தண்ணி செவக்கு. சார்வாள் சொல்லுவாவ, ஒசரம் போகப் போக தண்ணி சீக்கிரம் கொதிச்சுரும், ஆனா சூடு பத்தாது, பருப்பு வேகாதுன்னு. நான் நம்ம ஊரு டீக்கு ஆகுத நேரம் இருக்குன்னு நெனச்சு உக்காந்திருந்தேன். சர்க்கர போட்டாச்சு. பால் பவுடரு. வடிகட்டிய எடுக்கா. கோவிந்து ரெண்டாவது சாக்ஸ எடுக்கான். இப்பம் சொல்லணும். எந்திரிச்சேன். என் காலுதான், நான் எந்திரிக்கலன்னா வேற யாரு எந்திரிப்பா, எந்திரிச்சு நின்னேன், தகரத்துல தலை இடிச்சுது.

"தம்பி," ன்னா எஸ்தரக்கா. நான் எந்திரிச்சதப் பாத்து ஏதோ சொல்லப் போறேன்னு நெனச்சுட்டா போலுக்கு. "ஒண்ணு கேக்கட்டா? கணவாய்ல எண்ணிக்கைக்கு உள்ளேன் ஐயா சொன்னாவன்னு மத்தவங்க சொன்னாங்கள்லா, அப்பம் குரலு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான்... நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"எளப்பு இருந்துச்சா? எளப்பு வந்தா அவியளுக்கு கடசி எழுத்து முழுங்கிப் போவும். நாப்பது வருசமா கேக்கேன், ஐயான்னு முழுசா வந்துச்சுன்னா பயமில்ல, ராத்திரி தாங்குவாவ. ஐ-யோட நின்னுச்சுன்னா மருந்து வேணும். எப்படிச் சொன்னாவ தம்பி? நீங்க பக்கத்துல நின்னியளே, எப்படிச் சொன்னாவ?"

அக்கா, அவிய சொல்லல. அதத்தான் சொல்ல வாயத் தொறந்தேன், நீங்க நம்பணும். தொறந்த வாயில முன்னால வந்து நின்னது அது. செஞ்சு காட்டிட்டா போதும்னு ஒரு நெனப்பு, இப்படித்தான் சொன்னேன்னு காட்டிட்டா நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், கோவிந்து கேப்பான், திரும்புவான், என் வாயப் பாப்பான், அவனே புரிஞ்சுக்கிடுவான், சொல்லுத பாரம் எனக்கு இல்ல. ரெண்டு எண்ணுனேனா? எண்ணியிருப்பேன், அது தன்னால எண்ணிக்கிடும். ரெண்டு செருமலு. மீனு முள்ளு. கணவாய்ல சேத்த அதே எளப்பு, அதே அளவு. "ஆறு, உள்ளேன் ஐயா."

கோவிந்து ஒரு காலுல சாக்ஸோட, ஒரு காலு வெறுங்காலோட துள்ளி எந்திரிச்சான். என் பக்கம் திரும்பல. கதவுப் பக்கம் ஓடுனான். "மாஸ்டர்ஜி! மாஸ்டர்ஜி ஆ கயே!" சார்வாள் வந்துட்டாவன்னு கத்துதான். எஸ்தரக்காவுக்கு இந்தி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல, தேஞ்ச முட்டியோட அவனுக்கு முன்னால போயி கதவத் தொறந்துட்டா, அல்வா டப்பா உருண்டு ஸ்டவ்வு கிட்ட போயி விழுந்துச்சு. மஞ்சு உள்ள வந்துச்சு. "வந்துட்டியளா? ஏன் வெளியவே நிக்கிய? ஏங்க, இந்தப் பக்கம், என் குரலப் பாத்து வாங்க." மஞ்சுக்குள்ள கைய நீட்டிக்கிட்டு நிக்கா. அவ சிரிக்கா. நாப்பது வருசமா கேட்ட காது. கோவிந்து கொட்டடிய ஒரு சுத்து ஓடி, கல்லுல வெறுங்கால வச்சு, அந்தப் பக்கமா திரும்பி வந்து வாசல்ல நின்னு எஸ்தரக்காவப் பாக்கான், என்னையப் பாக்கான், மறுபடியும் மஞ்சப் பாக்கான். நான் சொல்லலாம், இப்பம் கூட சொல்லலாம், ஒண்ணு எண்ணியாச்சு, ரெண்டு எண்ணியாச்சு, மூணு எண்ணுனா செத்துரும்னு எனக்குத் தெரியும், மூணு, நாலு. பிமலா தீதி எடத்த விட்டு அசையவே இல்ல. ஒரு கைல வடிகட்டி, ஒரு கைல சட்டி, எனக்கு நேரா உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தவ, இப்பம் கெக்கெக்கேன்னு சிரிக்கா.

"எங்க ஓடுறீங்க ரெண்டு பேரும்? யாரும் வரல," ன்னா இந்தில, டீய ஊத்திக்கிட்டே. "இவருதான் பேசுனாரு. வாயத் தொறந்தத நான் பாத்தேனே. என்ன கோவிந்த், நீயும் ஏமாந்துட்ட, அந்தம்மாவும் ஏமாந்துட்டாங்க." நாலாவது கிளாச நெரப்பி எங்கிட்ட நீட்டுனா. "அப்படின்னா மேல கணவாய்லயும் இவருதான் சொல்லியிருப்பாரு."